மதுரையிலிருந்து பலாலிக்கு: 217 கிலோமீட்டரும் ஒரு பகலும்

மதுரை விமான நிலையத்தின் ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. வரைபடத்தில் அந்த ஓடுபாதையை அப்படியே கிழக்கே நீட்டிக்கொண்டு போனால் கோடு சிவகங்கையையும் காளையார்கோவிலையும் உரசி, திருவாடானையைத் தாண்டி, தொண்டிக்குச் சற்று வடக்கே கடலில் இறங்கும். பாக் நீரிணையில் நூறு கிலோமீட்டர் போனதும் மறுகரை. கரையேறிய கொஞ்ச தூரத்திலேயே இன்னொரு ஓடுபாதை. அது யாழ்ப்பாணத்துப் பலாலி. மதுரை விமான நிலையம் வடக்கு அட்சரேகை 9.83 பாகையில் இருக்கிறது, பலாலி 9.79 பாகையில். இரண்டுக்கும் நடுவே உள்ள வான்தூரம் 217 கிலோமீட்டர். மதுரையிலிருந்து சென்னைக்குள்ள வான்தூரத்தில் இது ஏறத்தாழப் பாதிதான்.

இதை எழுதும் நேரத்தில் இந்த இரண்டு தளங்களுக்கும் இடையே நேரடி விமானம் கிடையாது. மதுரையில் காலையில் புறப்படுகிறவர் யாழ்ப்பாணத்தில் இறங்க ஒரு பகல் தேவைப்படும். 217 கிலோமீட்டர் எப்படி ஒரு பகலாக ஆகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. அதற்கு விடை தேட, இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே தூரம் என்று எதைச் சொல்கிறோம், நேரம் என்று எதைச் சொல்கிறோம், அந்த நேரத்தைத் தீர்மானிப்பவர் யார் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தூரத்தில் சிக்கல் குறைவு. பூமி உருண்டை என்பதால் இரண்டு ஊர்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தை மையமாகக் கொண்ட ஒரு பெருவட்டத்தின் வில்லாகவே அமையும். இரண்டு தளங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால் பள்ளிக்கூடத்துத் திரிகோணமிதியே போதும். இங்கே நான் தரும் தூரங்கள் எல்லாம் அப்படிக் கணக்கிட்டவை. ஆனால் அந்தக் கணக்கு சரியாக வருவதற்குப் பூமியின் வடிவம் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். அதை அளந்து கண்ட வேலையில் ஒரு பெரும் பகுதி நம் மண்ணில்தான் நடந்தது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் தன் அளவைக்கு அடிக்கோடு போட்ட இடம் பரங்கிமலை. இன்றைய சென்னை விமான நிலையம் அதே மலையடிவாரத்தில்தான் இருக்கிறது. அங்கே தொடங்கிய முக்கோணங்கள் தெற்கே கன்னியாகுமரி வரை வந்தன. கன்னியாகுமரியிலிருந்து இமயமலை அடிவாரம் வரை, 78-ஆம் தீர்க்கரேகையை ஒட்டி, பெரும் வில் அளக்கப்பட்டது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோவில் கோபுரத்தின் மேல் ஏற்றும்போது லாம்டனின் பெரிய கோணமானி அடிபட்டதும், அவர் அதைத் தாமே உட்கார்ந்து சீராக்கியதும் அந்த வேலையின் வரலாற்றில் புகழ்பெற்ற சம்பவம். மதுரை விமான நிலையத்தின் தீர்க்கரேகை 78.09. பூமியின் வளைவை மனிதன் அளந்த அந்தக் கோட்டின் மேலேயே நம் ஓடுபாதை கிடக்கிறது என்று சொன்னால் அதில் மிகை இல்லை.

இனி அந்தக் கணக்கு மதுரையைச் சுற்றி என்ன காட்டுகிறது என்று பார்ப்போம். மதுரையிலிருந்து சென்னை 420 கிலோமீட்டர். பெங்களூரு 375. கொழும்பு கட்டுநாயக்கா 355. மூன்றில் அயல்நாட்டு ஊர்தான் மிக அருகில். இதை மதுரைக்காரர்களிடம் சொன்னால் பலரும் நம்புவதில்லை. மாநிலத் தலைநகரைப் பக்கம் என்றும், கடலுக்கு அப்பால் இருப்பதைத் தொலைவு என்றும் நினைத்துப் பழகிவிட்டோம். மும்பை 1,170 கிலோமீட்டர், டெல்லி 2,075. வெளிநாட்டுப் பக்கம் திரும்பினால் துபாய் சுமார் 2,950, சிங்கப்பூர் சுமார் 3,010. வளைகுடாவுக்கும் மலாய்க் கரைக்கும் மதுரை கிட்டத்தட்ட நடுமையத்தில் நிற்கிறது. தென் மாவட்டங்களிலிருந்து ஒரு தலைமுறை கிழக்கே போனதும் அடுத்த தலைமுறை மேற்கே போனதும் இந்த வரைபடத்தோடு எவ்வளவு பொருந்திப் போகின்றன!

நேரம் அப்படி ஒரே விடை தருவதில்லை. விமான நிறுவனம் டிக்கெட்டில் அச்சிடும் நேரம் வானத்தில் பறக்கும் நேரம் மட்டும் அன்று. நிற்கும் இடத்தில் சக்கரத்தடையை எடுத்த நொடியிலிருந்து, போய்ச்சேர்ந்த இடத்தில் மறுபடி சக்கரத்தடை போடும் நொடி வரை உள்ளது அது. ஓடுபாதைக்கு உருண்டு போவது, முறைக்குக் காத்திருப்பது, மேலே ஏறுவது, இறங்குவதற்கு வரிசையில் சுற்றுவது எல்லாம் அதில் அடக்கம். மதுரை, சென்னை தடத்தில் அதிகம் ஓடும் ஏ.டி.ஆர். 72 ரகம் நிலையான உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் போகும். 420 கிலோமீட்டரை 500-ஆல் வகுத்தால் 50 நிமிடம். அட்டவணையிலோ ஒன்றேகால் மணிக்கு மேல் இருக்கிறது. மீதி நேரம் ஏறவும் இறங்கவும் உருளவும் ஆகிறது. குறுந்தூரத்தில் விமானத்தின் வேகத்துக்குப் பெரிய மதிப்பு இல்லை. 830 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஏர்பஸ் வந்தாலும் சென்னைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் மிச்சமானால் பெரிது. ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடும்.

நெடுந்தூரத்தில் காற்று கணக்கில் சேர்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தென்னிந்தியாவின் மேல் பன்னிரண்டு முதல் பதினாறு கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காகப் பெருங்காற்று ஒன்று ஓடுகிறது. இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1958-இல் இதை விளக்கி எழுதினார். உலக வானிலை நூல்களில் வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்று அது இடம்பெற்றுவிட்டது. பயணிகள் விமானம் அதன் மையத்துக்குக் கொஞ்சம் கீழேதான் பறக்கிறது என்றாலும் காற்றின் வீச்சு அங்கேயும் உண்டு. மூவாயிரம் கிலோமீட்டர் பயணத்தில் மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று முதுகில் அடித்தால் ஒரு நேரம், முகத்தில் அடித்தால் இன்னொரு நேரம். இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 25 நிமிடம். ஆகையால் ஆடி மாதத்தில் துபாய் போகிறவருக்குக் காற்று துணை. சிங்கப்பூர் போகிறவருக்கு எதிர். டெல்லி தடத்தில் வேறு கதை. குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேல் மேற்கிலிருந்து வீசும் தாரைக்காற்று வடக்கு தெற்காகப் போகும் விமானத்துக்குப் பக்கவாட்டில் அடிப்பதால் பெரிய லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. பலாலி போன்ற 217 கிலோமீட்டர்ப் பயணத்தில் காற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கடிகார வித்தியாசமும் பயணியைக் குழப்பும். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முன்னால், துபாய் ஒன்றரை மணி பின்னால். இரவு பதினொன்றுக்கு மதுரையில் ஏறி விடிகாலை ஆறுக்குச் சிங்கப்பூரில் இறங்குகிறவர் ஏழு மணி நேரம் பறந்ததாக எண்ணிக்கொள்வார். அவர் பறந்தது நாலரை மணி. இலங்கை 1996-இல் தன் கடிகாரத்தை மாற்றி வைத்து, 2006-இல் மறுபடி நம்மோடு சேர்ந்துகொண்டது. மதுரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இன்று கடிகாரமும் ஒன்று.

இவ்வளவும் விமானம் சார்ந்த நேரம். பயணிக்கு உரியது வேறு. வீட்டு வாசலிலிருந்து மறு வீட்டு வாசல் வரை உள்ளதே அவருடைய நேரம். மதுரை விமான நிலையம் ஊருக்குத் தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில், பெருங்குடி, அவனியாபுரம் பக்கம் இருக்கிறது. நகரத்திலிருந்து போக அரை மணிக்கு மேல். உள்நாட்டுப் பயணம் என்றால் இரண்டு மணி முன்னதாகப் போகச் சொல்கிறார்கள். ஒன்றேகால் மணி விமானம். சென்னையில் பெட்டி வாங்கி வெளியே வந்து மெட்ரோவோ காரோ பிடித்து ஊருக்குள் போக ஒரு மணி. கூட்டினால் ஐந்து மணியை நெருங்குகிறது. எழும்பூரிலிருந்து மதுரை வரும் வந்தே பாரத் ரயிலுக்கு ஏறக்குறைய ஐந்தே முக்கால் மணி. 1977 ஆகஸ்ட் 15-ஆம் தேதி வைகை எக்ஸ்பிரஸ் மீட்டர் பாதையில் ஓடத் தொடங்கியபோது சென்னைக்குப் பகலில் ஏழு மணி நேரத்தில் போவதே பெரிய காரியமாக இருந்தது. 2019-இல் தேஜஸ் வந்தது, 2023 செப்டம்பரில் திருநெல்வேலி வந்தே பாரத் மதுரை வழியாக ஓடத் தொடங்கியது. ரயில் ஏறும் இடமும் இறங்கும் இடமும் ஊர் நடுவில். ஆக 500 கிலோமீட்டருக்குட்பட்ட தடத்தில் விமானம் தரும் லாபம் ஒரு மணியோ ஒன்றரை மணியோதான். தேனிக்காரருக்கும் இராஜபாளையத்துக்காரருக்கும் அந்த லாபமும் மதுரைக்கு வந்து சேரும் பஸ் பயணத்திலேயே கரைந்துவிடும்.

இன்னொரு நேரம் உண்டு. அதை யாரும் அச்சிடுவதில்லை. ஒரு தடத்தில் நாளைக்கு ஆறு விமானம் இருந்தால் நமக்கு வேண்டிய நேரத்துக்கு ஒன்று கிடைக்கும். வாரத்துக்கு மூன்று இருந்தால், வேலை முடிந்த பிறகும் ஓரிரு நாள் தங்க வேண்டும். காத்திருக்கும் அந்த நாட்களும் பயண நேரம்தான். பறக்கும் நேரம் நாற்பது நிமிடம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு தடம், வாரம் இருமுறை மட்டும் ஓடினால், நடைமுறையில் இரண்டு நாள் தூரத்தில் இருப்பதாகவே கொள்ள வேண்டும். மதுரை விமான நிலையம் 2024 அக்டோபர் 1 முதல் 24 மணி நேரமும் இயங்கத் தொடங்கியதை இதனால்தான் முக்கியமாகக் கருதுகிறேன். அதற்கு முன் பின்னிரவில் விமானம் வந்து இறங்க வழியில்லை. வளைகுடா, சிங்கப்பூர்த் தடங்கள் எல்லாம் இரவு நேரத்தையே விரும்பும் தடங்கள். ஓடுபாதை ஒரு அடிகூட நீளாமல், பணிநேரம் நீண்டதாலேயே ஊர் பக்கமாக வந்தது.

நேர்கோடு எப்போதும் கிடைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விமானங்கள் குறிக்கப்பட்ட வான்வழிகளில், குறிப்பிட்ட புள்ளிகளைத் தொட்டுப் போகின்றன. மதுரையின் வானம் சென்னைக் கட்டுப்பாட்டில்; கடல் நடுவே அது கொழும்பின் கட்டுப்பாட்டுக்குக் கைமாறும். மேற்கே போனால் மலை. மதுரையிலிருந்து திருவனந்தபுரம் வான்தூரம் 200 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் அந்த 200-க்குள் மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்கிறது. 1971 டிசம்பர் 9-ஆம் தேதி திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ விமானம், தெளிவில்லாத வானிலையில் இறங்கத் தொடங்கி, சின்னமனூர்ப் பக்கம் மேகமலையில் மோதியது. 21 பேர் இறந்தார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் வயதானவர்கள் இன்னும் அதைப் பேசுவார்கள். கிழக்கே இருக்கும் தடத்தில் இப்படி ஒரு தடை இல்லை. மதுரையிலிருந்து பலாலி வரை தட்டையான சமவெளி, பிறகு ஆழமில்லாத கடல், பிறகு மறுபடி சமவெளி.

வெளிநாட்டு விமானங்களில் மதுரை ஏன் திருச்சிக்குப் பின்னால் நிற்கிறது என்ற கேள்வி இங்கே எழும். தொடக்கத்தில் அதற்குக் காரணம் வழிதான். டாடாவின் தபால் விமானம் 1932-இல் கராச்சியிலிருந்து சென்னை வந்தது. 1938-இல் அந்தத் தடம் திருச்சி வழியாகக் கொழும்புக்கு நீண்டது. சென்னைக்கும் கொழும்புக்கும் நடுவில் எரிபொருள் போட ஒரு தளம் வேண்டியிருந்தது, திருச்சி அமைந்தது. மதுரைத் தளம் 1942-இல் பிரிட்டிஷ் விமானப்படை போருக்காகப் போட்டது. பயணிகளுக்கு அது திறந்தது ஐம்பதுகளில். அந்த முந்தலும் பிந்தலும் பிறகு சட்டத்தில் பதிந்துவிட்டன. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று இந்தியாவில் எந்த ஊரில் இறங்கலாம் என்பதை இரு நாட்டு வான்சேவை ஒப்பந்தங்கள் ஊர் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. தென்கிழக்காசிய நாடுகளின் நிறுவனங்களுக்கு இந்தியா தாராளமாகத் திறந்துவிட்ட 18 சுற்றுலா ஊர்களின் பட்டியலில் திருச்சி இருக்கிறது. மீனாட்சி கோவில் இருக்கும் மதுரை அதில் இல்லை. கோலாலம்பூர் விமானங்கள் திருச்சியில் வந்து குவிவதற்கு முதல் காரணம் இதுதான்.

அதன் விளைவு சாலையில் தெரியும். சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களின் பயணிகள் மதுரையைத் தாண்டியோ ஒதுக்கியோ திருச்சிக்குப் போகிறார்கள். அழைத்துவரப் போகும் வேன்களில் தூங்கி வழியும் குழந்தைகளோடு விராலிமலைப் பக்கம் டீக்கடையில் நிற்கும் குடும்பங்களை அந்தச் சாலையில் இரவில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அவர்களுடைய பயண நேரத்தில் அந்த மூன்று மணியை எந்த அட்டவணையும் காட்டாது. மதுரைக்குப் ‘பன்னாட்டு விமான நிலையம்’ என்ற பெயர் வேண்டும் என்று நெடுங்காலமாகக் கேட்டு வருகிறோம். பெயர் வரட்டும், நல்லது. ஆனால் 2010 செப்டம்பரில் புதிய முனையம் திறந்து, 2012 செப்டம்பரில் ஸ்பைஸ்ஜெட் கொழும்புக்குப் பறந்து, பின்னர் துபாயும் சிங்கப்பூரும் சேர்ந்தது எல்லாம் அந்தப் பெயர் இல்லாமலே நடந்தன. சுங்கமும் குடியேற்றச் சோதனையும் அங்கே இருக்கின்றன. குறைவாக இருப்பது ஒப்பந்தப் பட்டியலில் ஊரின் பெயர். பலகையில் எழுதும் பெயரைவிட அந்தப் பட்டியலில் எழுதும் பெயர் பயணியின் நேரத்தை அதிகம் குறைக்கும் என்பது என் துணிபு.

இதோடு சேர்த்து ஓடுபாதையைப் பேச வேண்டும். இப்போது அதன் நீளம் 2,285 மீட்டர், அதாவது 7,500 அடி. அதை 12,500 அடியாக்க 630 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கும் திட்டம் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. ரிங் ரோடு ஓடுபாதைக்குக் குறுக்கே வருவதால் அதைக் கீழே கொண்டுபோகும் யோசனையும் உண்டு. நிலம் எடுக்கப்படும் ஊர்களில் ஒன்றான சின்ன உடைப்பு மக்கள் 2024 நவம்பரில் வீட்டைவிட்டு வெளியேற மறுத்துப் போராடினார்கள். மாற்று இடமும் மறுகுடியமர்வும் இல்லாமல் போகமாட்டோம் என்பது அவர்கள் கேட்டது. அந்தக் கோரிக்கை முழுக்க நியாயமானது.

நீளமான ஓடுபாதை எதற்கு என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மதுரை வெயிலில் காற்று லேசாகிவிடும். இறக்கைக்குத் தூக்கும் சக்தி குறையும். அதே எடையோடு எழும்ப அதிக தூரம் ஓட வேண்டும். முழு எரிபொருளும் முழுப் பயணிகளுமாக ஐரோப்பா போகும் பெரிய அகலவகை விமானத்துக்கு 7,500 அடி போதாது. ஆனால் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகும் போயிங் 737-ம் ஏர்பஸ் 320-ம் இதே ஓடுபாதையில்தான் ஏறி இறங்குகின்றன. ஏ.டி.ஆர். விமானத்துக்கு இதைவிடக் குறைந்த நீளமே போதும். அதாவது மதுரைக்காரரின் பயண நேரத்தில் இன்று வீணாகும் மணிகளில் பெரும்பங்கை ஓடுபாதையை நீட்டாமலே மீட்க முடியும். நீட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீண்டால்தான் எல்லாம் நடக்கும் என்று சொல்லி, செய்யக்கூடியதையும் தள்ளிப்போடுவது சரியில்லை என்கிறேன்.

பலாலிக்கும் இதே வரலாறு உண்டு, இன்னும் கடுமையாக. அதுவும் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை போட்ட தளம்தான். 1947 டிசம்பர் 10-ஆம் தேதி ஏர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையில் எழும்பி, காங்கேசன்துறை என்று அப்போது அட்டவணையில் சொல்லப்பட்ட பலாலியில் இறங்கி, சென்னைக்குப் போனது. இலங்கையின் தேசிய விமான சேவை பிறந்த நாளிலேயே யாழ்ப்பாணமும் தமிழ்நாடும் வான்வழியில் இணைந்தன. பிறகு போர். தளம் படைமுகாமானது. 1990-இல் தளத்தைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்கு மக்கள் ஊரையே விட்டு வெளியேற நேர்ந்தது. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன காணிகள் 2009-க்குப் பிறகு துண்டு துண்டாகத்தான் திரும்பி வருகின்றன. பலாலி ஓடுபாதையை நீட்டுவது பற்றிப் பேசும் யாரும் அந்தக் காணிக்காரர்களை முதலில் கேட்க வேண்டும். சின்ன உடைப்புக்கும் வலிகாமத்துக்கும் காரணங்கள் வெவ்வேறு. ஆனாலும் ஓடுபாதைக்காக வீட்டை இழப்பதன் வலி இரண்டு கரையிலும் தெரிந்த வலி.

2019 அக்டோபர் 17-ஆம் தேதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. அன்று சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் போய் இறங்கியது. நவம்பரில் அட்டவணைச் சேவை தொடங்கியது. நாலு மாதத்தில் கொரோனா வந்து 2020 மார்ச்சில் நின்றது. 2022 டிசம்பர் 12-இல் மறுபடி தொடங்கியது. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோவும் சென்னையிலிருந்து பறக்கிறது. 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தும். பலாலி ஓடுபாதை குறுகியது என்பதால் எல்லாம் ஏ.டி.ஆர்.

இப்போது மதுரைக்காரரின் வழிகளை எண்ணிப் பார்க்கலாம். சென்னை வழியாகப் பறந்தால் 420 கிலோமீட்டர் வடக்கே போய், அங்கே முனையம் மாறி, 355 கிலோமீட்டர் தெற்கே இறங்க வேண்டும். 217-க்குப் பதிலாக 775. நேரம் எட்டு ஒன்பது மணிக்குக் குறையாது. திருச்சி வழி அதைவிடப் பரவாயில்லை. மேலூர், கொட்டாம்பட்டி, துவரங்குறிச்சி, விராலிமலை என்று நான்குவழிச் சாலையில் இரண்டரை மணி. வெளிநாட்டுப் பயணம் ஆனதால் மூன்று மணி முன்னதாக இருக்க வேண்டும். விமானம் ஒரு மணி. இறங்கிக் குடியேற்றம் முடிய முக்கால் மணி. ஏழேகால் மணி ஆகிறது, அதில் வானத்தில் இருப்பது முக்கால் மணிக்கும் குறைவு. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கிய கப்பலில் போனால் கடலில் மட்டும் நாலு மணி; கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அதுவும் இல்லை. 420 கிலோமீட்டரில் இருக்கும் சென்னைக்கு ஐந்து மணியில் போய்விடும் மதுரைக்காரர், 217 கிலோமீட்டரில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்கு ஏழு முதல் ஒன்பது மணி செலவிடுகிறார்.

முன்பு இப்படி இருக்கவில்லை. 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, மதுரையில் ரயிலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கே காத்திருக்கும் ரயிலில் ஏறி, மதவாச்சியில் யாழ்ப்பாண வண்டிக்கு மாற முடிந்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பல் எண்பதுகளில் போரோடு நின்றது. நீராவி ரயிலும் கப்பலும் ஓடிய அந்தக் காலத்தில் பயணம் மெதுவானதுதான், ஆனால் வழி நேராக இருந்தது. இன்று வேகம் கூடி வழி வளைந்துவிட்டது.

யார் போவார்கள் என்று விமான நிறுவனம் கேட்கும். நியாயமான கேள்வி. மதுரை மாவட்டத்தில் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் என்று இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. அங்கே பிறந்து வளர்ந்து, அக்கரையில் இருக்கும் அப்பம்மாவையும் சித்தப்பாவையும் ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள் உண்டு. அவர்கள் போய்வரக் கடவுச்சீட்டும் அனுமதியும் தனிச் சிக்கல்; ஆனால் அங்கிருந்து இங்கே வந்து பார்க்க நினைக்கும் உறவினருக்கு அந்தச் சிக்கல் இல்லை. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை நோக்கி வெளிநாடுகளிலிருந்து நோயாளிகள் வரும் ஊர் இது. மீனாட்சியையும் இராமேஸ்வரத்தையும் பார்க்க வரும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்குச் சென்னையோ திருச்சியோ வழிச்சத்திரம்தான். நாலாவது உலகத் தமிழ் மாநாடு 1974-இல் யாழ்ப்பாணத்திலும் ஐந்தாவது 1981-இல் மதுரையிலும் நடந்தன. அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே நேரடியாகப் போக ஒரு வழி இல்லை என்பதை நினைக்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

திருச்சி, பலாலி வான்தூரம் 184 கிலோமீட்டர். மதுரைத் தடம் அதைவிட 33 கிலோமீட்டர் கூடுதல், ஏ.டி.ஆர். விமானத்துக்கு நாலு நிமிடம். இந்திய நிறுவனங்கள் ஏற்கெனவே சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் பறக்கின்றன என்பதால், வெளிநாட்டு நிறுவனங்களைத் தடுக்கும் ஊர்ப்பட்டியல் சிக்கல் இங்கே வராது. சென்னையிலிருந்து மதுரைக்கு வரும் ஒரு ஏ.டி.ஆர். அப்படியே பலாலி போய், நாற்பது நிமிடம் நின்று, மதுரை திரும்ப இரண்டரை மணி ஆகும். அதற்குப் புது விமானம் வாங்க வேண்டாம். பகல் நேரத்தில் ஒரு விமானத்தின் சுற்றைக் கொஞ்சம் மாற்றி அமைத்தால் போதும். தினமும் வேண்டியதில்லை, வாரம் நாலு நாள் என்றாலே பயணி தன் வேலையை அதற்கேற்ப அமைத்துக்கொள்வார்.

விமான நிறுவனங்களின் அட்டவணை ஆண்டுக்கு இரண்டு முறை மாறுகிறது: மார்ச் கடைசி ஞாயிறு ஒன்று, அக்டோபர் கடைசி ஞாயிறு ஒன்று. அதற்குப் பல மாதங்கள் முன்பே தடங்களும் நேரங்களும் கேட்கப்படுகின்றன. மதுரையின் வணிகர் சங்கங்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் அமைச்சகத்துக்குக் கொடுக்கும் மனுக்களில் துபாய், சிங்கப்பூர், கோலாலம்பூர் பெயர்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. அடுத்த மனுவில் பலாலியையும் சேர்க்கலாம். கேட்பதோடு நிற்காமல், தென் மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் இந்தத் தடத்தில் ஆண்டுக்கு எத்தனை பேர் போவார்கள் என்று எண்ணிக் கணக்கோடு கொடுத்தால், பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு நிறுவனங்களுடையதாகும். அந்தக் கணக்கெடுப்பை மதுரையில் உள்ள ஒரு கல்லூரியின் பொருளியல் துறையே ஒரு பருவத்தில் செய்து முடித்துவிடலாம்.